பதினான்கு

முதல் செடியைக் கொன்றது நான்தான்.
ஓசூர் மலர்க் கண்காட்சியில் முந்நூற்றைம்பது ரூபாய்.
"தண்ணி மட்டும் பாத்துக்குங்க அக்கா" என்றான் விற்ற பையன்.
நிறைய ஊற்றச் சொல்கிறான் என்று நினைத்தேன்.
ஊற்றினேன்,
எங்கள் போர்த் தண்ணீரை, காலையும் மாலையும்.
இலை நுனி பழுப்பானது. பிறகு ஓரம்.
பிறகு கொடி நுனியில் தொங்கிய குடுவைகள்
ஒவ்வொன்றாய்ச் சுருங்கின.

அந்தப் பழுப்பை எனக்குத் தெரியும்.
முன்பல் நான்கிலும் குறுக்கே ஓடுகிறது,
எந்தப் பற்பசைக்கும் போகாமல்.
பெண் பார்க்க வந்த அன்று
சிரிக்காமல் காபி கொடுத்தேன்.
மாதப்பனும் சிரிக்கவில்லை.
அடக்கமான பையன் என்றார்கள் வீட்டில்.
கல்யாணமாகி மூன்றாம் நாள்
பாலக்கோடு பஸ்ஸில் கண்டக்டர் அடித்த ஜோக்குக்கு
வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.
அதே கறை.
அதே தண்ணீர், வேறு கிணறு.

இரண்டாவது செடிக்கு முன்னால்
பேனா போல ஒரு மீட்டர் வாங்கினேன்.
உப்பு எவ்வளவு என்று எண்ணில் சொல்லும்.
போர்த் தண்ணீர்: ஆயிரத்து நூற்று நாற்பது.
குழாயில் வரும் ஒகேனக்கல்: இருநூற்றுப் பத்து.
அதைக் குடித்து வளர்ந்த மகள் தீர்த்தனாவுக்கு
அரிசி மாதிரி பல்.
செடிக்கு அதுவும் ஆகாது.
ஐம்பதுக்குக் கீழே வேண்டுமாம் மகாராணிக்கு.

கூட்டுறவு வங்கியின் பின்சுவரில்
மேலாளர் அறை ஏசி நாளெல்லாம் சொட்டும்.
ஒரு மதியம் சோற்று மூட்டையை வைத்துவிட்டு
மீட்டரை நீட்டினேன்.
பதினான்கு.

பெயிண்ட் வாளியைப் பார்த்து சகாயராஜ் சார் கேட்டார்,
"ஒழுகுதாம்மா?"
"செடிக்கு சார்."
அதற்குப் பிறகு மப்பான நாளிலும்
அவர் ஏசியை நிறுத்துவதில்லை.
நகைக்கடன் கோப்பில் கையெழுத்துப் போட்டபடியே
"காய் விட்டுதா?" என்பார்.
காய் இல்லை சார் என்று சொல்வதை நிறுத்திவிட்டேன்.

தேங்காய் மட்டைத் துண்டை மூன்று தண்ணீரில் அலசி
கரியும் பாசியும் கலந்த தொட்டி.
பக்கத்து வீட்டு முனிரத்தினம்மா
ஆட்டுப் புழுக்கை ஒரு கை கொண்டுவந்தாள், பிரியமாக.
ஓடிப்போய்த் தடுத்தேன்.
எரு போட்டால் இலையாய்த் தள்ளும்,
குடுவை விடாது.
"பட்டினி போட்டு ஒரு செடியா!" என்று
தன் வெண்டைக்கே போட்டுக்கொண்டாள்.

தக்காளி கிலோ மூன்று ரூபாய்க்கு விழுந்த வாரம்
ரோட்டோரம் கூடை கூடையாய்க் கொட்டினார்கள்.
ஊரே புளித்து நாறியது.
மண்டிக் கணக்கை முடித்து வந்த மாதப்பனின்
சட்டையோடு ஈக்களும் வீட்டுக்குள் வந்தன.
ஒன்று குடுவையின் விளிம்பில் உட்கார்ந்து
தேனை நக்கி நக்கி
வழுக்கியது.
வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.
"நம்ம மண்டி மாதிரியே இருக்கு" என்றார்.
அன்று சோறு வேண்டாம் என்றுவிட்டார்.

சித்திரையில் காற்றே காய்ந்துபோனது.
பச்சை வலை, நனைத்த சாக்கு, எதுவும் எடுபடவில்லை.
கொடி நுனிகள் தீக்குச்சித் தலையாய்க் கருகின.
வாளியைத் தூக்கி வரும்போதெல்லாம்
எனக்கே என்மேல் சிரிப்பு வரும்.
ஆனாலும் தூக்கி வந்தேன்.

ஐப்பசியில் வீட்டிலுள்ள பாத்திரமெல்லாம் வாசலில்.
மழைத் தண்ணீர்: ஆறு.
பத்தொன்பதாம் நாள் ஒரு குடுவை உப்பியது,
மூடி இன்னும் ஒட்டிக்கிடந்தது.
பின்னால் டார்ச் அடித்தாள் தீர்த்தனா.
உள்ளே பாதிவரை நீர்க்கோடு.
மழை புகவில்லை. நான் ஊற்றவில்லை.
அதுவே ஊறவைத்தது.

விடியற்காலையில் திறந்தது.
எத்தனை காட்டும் என்று பார்த்துவிட வேண்டும் எனக்கு.
மீட்டர் நுழையவில்லை, வாய் அவ்வளவு சின்னது.
"அது தண்ணி இல்லம்மா, எச்சில்" என்றாள் மகள்.
டார்ச் அவள் கையில்,
தொட்டி மாதப்பன் கையில்,
மீட்டரும் மூடியும் என் கையில்.
வாயைப் பொத்திக்கொள்ள
ஒருவருக்கும் கை மிச்சமில்லை.